ரோதை முனிக்கு முகம் வைத்தவர்

மனிதர்களில் கத்தரிக்கோல்காரர் என்று ஓர் இனம் உண்டு. தையற்காரரைச் சொல்லவில்லை, முடி வெட்டுகிறவரையும் சொல்லவில்லை. அவர்கள் நல்லவர்கள், துணியோ தலையோ தானாக வந்து உட்கார்ந்தால்தான் கை வைப்பார்கள். இங்கே சொல்லப்படுவது, பழைய படம் எங்கே கிடந்தாலும் அதை முழுசாகப் பார்க்கத் தெரியாத இனம். நீங்கள் ஒரு கலண்டரில் லட்சுமியைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்வீர்கள். அவரோ அதே கலண்டரில் தாமரை ஒன்று, யானைத் துதிக்கை ஒன்று, தங்கக் குடம் ஒன்று, பின்னால் கொஞ்சம் நீல வானம் என்று சாமான் பிரித்துக்கொண்டிருப்பார். படித்தவர்கள் இதற்கு ஒரு நாகரிகப் பெயர் வைத்துக் கொழும்பில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுகிறார்களாம். மாட்டட்டும். ஊவா மலையில் இந்த இனம் பசை கிண்டத் தொடங்கி எவ்வளவோ காலமாகிறது. அதற்காக யாரும் எந்த வாத்தியாருக்கும் வெற்றிலைத் தட்டு வைக்கவில்லை.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். கல்யாண வீட்டுக்கு வந்தால் மாப்பிள்ளை கறுப்பா சிவப்பா என்று பார்க்கமாட்டார். அழைப்பிதழின் மூலையில் இருக்கும் பிள்ளையாரை விரலால் தடவி, அச்சு மேலே எழும்பியிருக்கிறதா என்று பார்ப்பார். செத்த வீட்டுக்கு வந்தால் கண்ணீர் அஞ்சலி பேனருக்கு முன்னால் சொந்தக்காரர்களைவிட அதிக நேரம் நிற்பார். "என்னா பாசம் பாருங்க!" என்று சனம் உருகும். பாசம்தான். இறந்தவர்மேல் அல்ல, பேனரின் ஓரத்தில் அச்சடித்திருக்கும் குத்துவிளக்கின்மேல். கருமாதிச் சாப்பாட்டில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம், "இன்னொரு வடை வைக்கட்டுங்களா?" என்று கேட்டுப் பாருங்கள்.

"வட போதும்மா. வெளிய கட்டியிருக்கிற பேனர என்னா செய்யப் போறீங்க?"

இதுதான் குரல். இந்தக் குரல் கேட்டால் உங்கள் வீட்டுச் சுவர்களை ஒருமுறை எண்ணிக்கொள்ளுங்கள்.

தேர்தல் வந்தால் இந்த இனத்துக்கு அறுவடை. வேட்பாளர்கள் எல்லாரும் கும்பிட்டபடி நிற்கிறார்கள் அல்லவா? பக்தர்களின் கைகளுக்கு அதைவிட நல்ல விளைச்சல் எங்கே கிடைக்கும்? இவர்கள் ஒட்டிய படங்களில் அம்மனை வணங்கும் அடியார் கூட்டத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஆளும் கட்சி, எதிர்க் கட்சி, சுயேச்சைக் குழு எல்லாருடைய கைகளும் ஒரே பக்கமாகக் குவிந்திருக்கும். நாட்டில் வேறெங்கும் நடக்காத ஒற்றுமை, கோதுமை மாப் பசையில் நடந்திருக்கும்.

இந்த இனத்துக்குப் பழுதில்லாத ஒரு மாதிரி வேண்டும் என்றால் தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வாருங்கள். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளை இங்கே லயம் என்பார்கள்; மேட்டு லயத்தில் நல்லையா என்று கேட்டால் போதும். இளமையில் பதுளைத் தியேட்டர் ஒன்றுக்குச் சுவரொட்டி ஒட்டியவர். கையில் பசை ஏறிய பிறகு அது இறங்கவே இல்லை. தோட்டத்துக்குத் திரும்பி வந்து, ஸ்டோரில் வேலை பார்த்து, ஓய்வும் பெற்றாயிற்று. ஸ்டோர் என்றால் இங்கே தேயிலை அரைக்கும் தொழிற்சாலை. ஓய்வு கிடைத்தது ஸ்டோருக்குத்தான், கத்தரிக்கோலுக்கு இல்லை.

"அடுப்புக் கரியில ஆனா எழுதினதோட நம்ம படிப்பு முடிஞ்சிது," என்பார், கேட்டாலும் கேட்காவிட்டாலும். "ஆனா நம்ம படம் இல்லாத ஒரு லயத்தக் காட்டுங்க பாப்பம். எவன்கிட்டயும் கத்துக்கல. எல்லாம் சொந்த மூள."

உண்மைதான். அவர் படம் இல்லாத லயம் கிடையாது. கூரை ஒழுகி ஈரம் ஊறின இடத்தில் அவருடைய கைலாயம் இருக்கிறது. அடுத்த வீட்டுச் சத்தம் வராமல் இருக்கப் பலகை ஓட்டையை அவருடைய மகாவிஷ்ணு அடைத்துக்கொண்டு நிற்கிறார். கதவுக்குப் பின்னால், மீட்டர் பெட்டிக்கு மேல், ஒரு வீட்டில் ஆட்டுக் கொட்டிலுக்குத் தட்டியாகக்கூட அவர் கைவேலை உண்டு. ஆனால் ஒரே ஒரு படத்துக்கு முன்னாலாவது யாராவது விளக்கு ஏற்றினார்களா? இல்லை. விளக்கு எப்போதும் கடைக் கலண்டருக்குத்தான். நல்லையாவின் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்த முள் அது ஒன்றுதான். சாவதற்கு முன் ஒரு விளக்கு. தன் கை ஒட்டிய படத்துக்கு முன்னால், நாலு பேர் பார்க்க, ஒரு விளக்கு.

சரக்குக்கு அவருக்குப் பஞ்சமே இல்லை. வருசம் பிறந்தால் பழைய சாமிக் கலண்டரை என்ன செய்வீர்கள்? குப்பையில் போட முடியுமா? அடுப்பில் வைக்க முடியுமா? கருவாடு சுற்றத்தான் முடியுமா? கண்ணைக் குத்திவிடும் என்ற பயத்தில் கட்டிலுக்கடியில் போட்டு, அங்கே இருபது முருகனும் ஏழெட்டு சரஸ்வதியும் ஒருவர்மேல் ஒருவர் படுத்துக் கிடப்பார்கள். அப்போது உரப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு நல்லையா வருவார். பாவமும் சேராமல் இடமும் மிச்சமாகிற வழி அவர் ஒருவர்தான். கும்பிட்டுக் கொடுப்பார்கள். கும்பிட்டு வாங்குவார். வீட்டுக்குப் போய், இன்னொருமுறை கும்பிட்டுவிட்டு வெட்டுவார்.

வீட்டில் அவர் மனைவி விஜயலெட்சுமி. அந்த அம்மாவின் சங்கடம் வேறு.

"ரொட்டிக்கு வச்ச மாவ எடுத்து மறுபடி பசை கிண்டிட்டீங்களா? ராவைக்கு என்னாத்தத் தட்டுறது? சிவபெருமானச் சுரண்டித் திங்கச் சொல்றீங்களா?"

"அடியே, மாவு வயித்துக்குள்ள போனா விடியக்காலயில இல்ல. செவத்துக்குப் போனா நூறு வருசம் நிக்கும்."

"மாவு நிக்கும். நீங்க நிக்க மாட்டீங்க."

இப்படியே போயிருக்கும், ஸ்டோரில் ரோலர் பழுதாகாமல் இருந்திருந்தால். ரோலர் என்பது வாடின கொழுந்தைப் போட்டு உருட்டுகிற இயந்திரம். அது நின்றால் ஸ்டோரே நின்ற மாதிரி. எப்படியோ பழுது பார்த்துவிட்டார்கள். ஆனால் பூசை போடாமல் சக்கரம் சுற்ற விடலாமா? ரோதை என்றால் சக்கரம்; ஸ்டோரில் சக்கரம் எதுவும் கையை இழுக்காமல் காக்கிறவர் ரோதை முனி. அவருக்கு மூலையில் ஒரு கல் உண்டு, சூலம் உண்டு. முகம்தான் கிடையாது. எந்தக் கலண்டர்காரனும் அவரை அச்சடித்ததில்லை. நகைக்கடைக்கும் துணிக்கடைக்கும் லட்சுமி வேண்டும், முருகன் வேண்டும். ரோதை முனியை மாட்டி எவன் சேலை விற்பான்?

கோவில் கமிட்டித் தலைவர் கணபதிக்கு இந்தத் தடவை ஒரு யோசனை வந்தது. "எல்லாச் சாமிக்கும் படம் இருக்கு. நம்ம முனிக்கும் பதுளையில பிளெக்ஸ் அடிச்சு வச்சிருவம்," என்றார்.

கமிட்டிக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த நல்லையா துள்ளி எழுந்தார். "தலைவரே, அவன் கம்பியூட்டர்ல தட்டி எந்த ஊரு முனியயோ எடுத்துக் குடுப்பான். ஸ்டோரு சத்தம் கேட்டே பழகாத முனி, ரோலர் போட்டதும் எந்திரிச்சு ஓடிருமே!"

கூட்டம் சிரித்தது. சிரிப்பு என்றால் பாதிச் சம்மதம்.

"சரி, நீங்களே செய்யுங்க," என்றார் கணபதி. "ஆனா சாமி மாதிரி இருக்கணும். போன தடவ நீங்க செஞ்ச ஐயனார் குதிரைக்கு மாட்டு வாலு."

"அது மயில் தோகை தலைவரே."

"அதத்தான் சொல்றேன். பூசையில ஒரு குழப்பம் வந்திச்சின்னா படத்த எறக்கிருவம். பிளெக்ஸ் வரும். பெறகு கோயில் பக்கம் கத்திரிக்கோலோட வரக் கூடாது. பேச்சு மாற மாட்டீங்களே?"

"நல்லையா பேச்சு மாறினதா சரித்திரம் இருக்கா?"

வேலை தொடங்கியது. உரப்பைகள் எல்லாம் கவிழ்ந்தன. சினிமாச் சுவரொட்டி ஒன்றில் ஒரு கதாநாயகனின் மீசை, ஆட்டுக் கொம்பு மாதிரி முறுக்கிக்கொண்டு, அது முனிக்கு. பண்டாரவளைத் துணிக்கடைப் பையிலிருந்து பட்டுக் கரை, அது தலைப்பாகை. உடற்பயிற்சி நிலையத் துண்டுப் பிரசுரத்திலிருந்து மார்பு. அடகுக் கடை விளம்பரத்திலிருந்து சங்கிலி. சமையல் வாயு விளம்பரத்திலிருந்து பின்னால் எரியும் தீ. ஒரு வேட்பாளரின் கும்பிட்ட கைகளை நடுவில் பிளந்து, வலக்கையில் அரிவாளைச் செருகி, இடக்கையை அருள் பாலிக்கத் தூக்கிவிட்டார். கண்ணுக்குத்தான் கஷ்டப்பட்டார். கலண்டர் சாமிகளின் கண்கள் எல்லாம் கருணையால் நிறைந்து வழிந்தன. கருணையை வைத்து ரோலரை நிறுத்த முடியுமா? கடைசியில் பையின் அடியிலிருந்து ஒரு சோடி கண்கள் கிடைத்தன. எப்போதோ ஏதோ ஒரு பேனரில் வெட்டிவைத்தவை. அப்பப்பா! பார்த்தவுடன் நல்லையாவே தன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

யாருடைய கண் என்று அவர் யோசிக்கவில்லை. இந்த இனத்தின் பெரிய குறை இதுதான். வெட்டும்போது உறுப்பு தெரியும், ஆள் தெரியாது.

பூசை நாள். ரோலருக்குப் பக்கத்தில் பலகை அடித்து மஞ்சள் துணியால் மூடிய படம். முனிக்கு நேர்ந்துவிட்ட சேவல், கால் கட்டப்பட்டு ஓரத்தில். தேங்காயோடு பூசாரி. பூசைச் சாமானுக்கு உபயம் கொடுத்த பதுளைக் கடைக்காரர் சிவஞானம், பட்டு வேட்டியில். பிரதேச சபைக்கு நின்று தோற்றவர், பாவம். அதற்குப் பிறகு எங்கே நாலு பேர் கூடினாலும் உபயம் கொடுக்கிறார். எல்லாருக்கும் பின்னால் ஸ்டோர் அதிகாரி தயானி. சிங்களப் பிள்ளை, தமிழ் நன்றாகப் பேசுவார், கைக்கடிகாரத்தை அதைவிட நன்றாகப் பார்ப்பார்.

கணபதி துணியை இழுத்தார்.

என்ன அதிசயம்! அத்தனை சத்தமும் அடங்கியது. கொழுந்து அள்ளுகிற பெண்கள், யாரும் சொல்லாமலே வரிசையில் நின்றார்கள். ஒருத்தி வாயிலிருந்த வெற்றிலையை முந்தானையில் ஒளித்தாள். சுருட்டு வைத்திருந்தவர் அதைத் தீயோடு சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, வெளியே எடுக்கவும் பயந்து அப்படியே நின்றார்.

நல்லையாவின் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா தலைவரே? சனம் நடுங்குது!"

"நடுங்குதுதான்," என்றார் கணபதி, தானும் ஏன் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறோம் என்று தெரியாமல். "எங்கயோ பாத்த மொகமா இருக்கே நல்லையா?"

"சாமின்னா அப்படித்தான் தலைவரே."

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தது இராக்கம்மா. ஸ்டோர் கங்காணியாக இருந்து, போன வருசம் காலமான வேலாயுதத்தின் சம்சாரம். வேலாயுதம் இருந்த காலத்தில் ஸ்டோரில் யாரும் கொட்டாவிகூட விட்டதில்லை. இராக்கம்மா படத்தைப் பார்த்தது. இடுப்பில் கையை வைத்தது.

"ஏய்யா, எங்க வீட்டு ஆளு கண்ண எதுக்குய்யா இவருக்கு வச்சிருக்கிற?"

"அக்கா, அது முனி," என்றார் நல்லையா.

"முனியா? காலமெல்லாம் அந்தக் கண்ணுக்குச் சோறு போட்டவ நானு. எனக்குத் தெரியாதா? இந்தா பாரு, கொழம்புல உப்புக் கொறஞ்சா பாக்கிற பார்வ!"

"அட, நம்ம கங்காணி!" என்று கூட்டம் மூச்சு விட்டது. மூச்சு விட்ட வேகத்தில் மற்ற உறுப்புகளும் வெளிச்சத்துக்கு வந்தன. கீழே இருக்கும் பணிய லயத்துப் பையன்களின் ரசிகர் மன்றத் தலைவன் சுரேஸ், "டேய், மீச நம்ம தலைவரு மீசடா!" என்று விசில் அடித்தான். அடித்து முடிக்கவில்லை, சிவஞானம் மெல்ல முன்னுக்கு வந்து, முனியின் விரலில் இருந்த நவரத்தின மோதிரத்தையும் தன் விரலில் இருந்த நவரத்தின மோதிரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மோதிர விரலை எல்லாரும் பார்க்கத் தூக்கினார்.

"சனம் எனக்கு ஓட்டுப் போடல. ஆனா சாமி என் கையத்தான் எடுத்திருக்கு."

அதற்குமேல் நடந்ததைக் குழப்பம் என்று சொன்னால் குழப்பத்துக்கு மரியாதைக் குறைவு. பூசை முடிந்ததும் தேங்காய் மூடியும் பழமும் வைத்து முதல் மரியாதையாகக் கொடுப்பார்களே, அந்த முதல் காளாஞ்சி யாருக்கு? கண்ணுக்கா, மீசைக்கா, கைக்கா?

"கண்ணில்லாட்டி முனி எப்படிய்யா ஸ்டோரப் பாக்கும்? காளாஞ்சி எனக்கு!" என்றது இராக்கம்மா.

"மீச இல்லாட்டி யாரு பயப்புடுவா? மன்றத்துக்குத்தான்!" என்றான் சுரேஸ்.

"அருள் கொடுக்கிறது கைதானே தம்பி," என்றார் சிவஞானம், அருள் கொடுத்தபடி.

"எனக்குக் காளாஞ்சியே வேணாம்," என்று நல்லையா கையெடுத்துக் கும்பிட்டார். "வெளக்க மட்டும் ஏத்துங்க. சாமிக்குக் கற்பூரம் காட்டுங்க. பெறகு சண்ட புடிங்க."

யார் கேட்பது? யாருக்கு என்று தெரியாமல் தேங்காய் உடைக்க முடியாது என்று பூசாரி கையை ஓங்கியபடியே நின்றார். கண்ணை உரித்து எடுத்துவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். இராக்கம்மா விடவில்லை. "எடுத்தின்னா மனுசனக் குருடாக்கின பாவம் ஒனக்கு. எடுக்காட்டி காளாஞ்சி எனக்கு. எதுன்னு நீயே சொல்லு!"

தயானி பொறுமை இழந்து முன்னுக்கு வந்தார். "தலைவர், மேல் மாடியில கொழுந்து வாடி முடிஞ்சு இப்ப காயுது. ரோலர் போட ஏலுமா, ஏலாதா? இன்னும் கொஞ்ச நேரம் போனா எல்லாம் குப்பைதான்."

கணபதி ஒரு பக்கம் கொழுந்தைப் பார்த்தார், ஒரு பக்கம் கூட்டத்தைப் பார்த்தார். நல்லையாவை மட்டும் பார்க்கவில்லை. "பேச்சுப்படி படத்த எறக்கிருவம்," என்றார்.

நல்லையா படத்தின் முன்னால் கையை அகல விரித்து நின்றார். "தலைவரே, மாட்டின சாமிய எறக்குவாங்களா? ரோலர் ஓடுமா?"

அந்தக் கேள்வி எல்லாரையும் பயமுறுத்தியது. ஏற்றின சாமியை இறக்கிவிட்டு, நாளைக்குச் சக்கரம் யாருடைய கையையாவது இழுத்தால்? இறக்கவும் முடியாது, வைக்கவும் முடியாது. தலைவர் என்றால் சும்மாவா? கணபதி தலையைச் சொறிந்தார். முகம் மலர்ந்தது.

"எறக்க வேணாம். திருப்பி வைப்பம். முனி செவத்தப் பாத்து இருக்கட்டும். கண்ணும் தெரியாது, மீசையும் தெரியாது, கையும் தெரியாது. யாருக்கும் காளாஞ்சி இல்ல."

எனக்கு இல்லாவிட்டால் போகட்டும், அவனுக்கும் இல்லை என்று சுரேஸும் சிவஞானமும் அந்த இடத்திலேயே சமாதானம் ஆனார்கள். நம் ஊரில் ஒற்றுமை வருகிற வழி அதுதானே? இராக்கம்மா மட்டும் கொஞ்சம் யோசித்தது.

"சரி, திருப்புங்க. உசிரோட இருக்கயிலயும் கோவம் வந்தா செவத்தப் பாத்துத்தான் படுப்பாரு."

திருப்பினார்கள்.

நல்லையா கண்ணை மூடிக்கொண்டார். ஏனென்றால் பலகை எங்கிருந்து வந்தது என்று அவருக்குத்தான் தெரியும். மொனராகலைப் பக்கம் ஒரு பாதையோரத்தில் விழுந்து கிடந்த விளம்பரப் பலகை அது. பின்பக்கத்தில், வெள்ளை வெளேர் என்று, கொழுகொழு என்று, ஒரு பெட்டைக் கோழி. கீழே பெரிய எழுத்தில்: 'எங்கள் தீனி தின்றால் முட்டைக்குக் குறைவில்லை.'

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி சண்டை தொடங்கும்; கொழுந்து காய்கிறது. பூசாரி தேங்காயை உடைத்தார். விளக்கு ஏற்றினார். கோழிக்குக் கற்பூரம் காட்டினார். கற்பூர வெளிச்சத்தில் கோழியின் கண் பளபளத்தது. பக்தி முற்றிய ஒரு பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பார்த்து மற்றவர்களும் போட்டுக்கொண்டார்கள். முனிக்கு நேர்ந்துவிட்ட சேவல், கால் கட்டோடு எழுந்து நின்று, படத்தைப் பார்த்துக் கழுத்தை நீட்டி ஒரு கூவல் கூவியது பாருங்கள்! அதைக் கேட்ட பிறகு அதன் கழுத்தில் கத்தி வைக்க யாருக்கு மனசு வரும்? அவிழ்த்து விட்டார்கள்.

தயானி பொத்தானை அழுத்தினார். ரோலர் முக்கவில்லை, முனகவில்லை. சுற்றியது. பழுதாவதற்கு முன்புகூட இவ்வளவு அழகாகச் சுற்றினதில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். படத்தில் ஓர் அங்கமும் இல்லாதவர், சண்டையிலும் சேராதவர் என்பதால் முதல் காளாஞ்சியைத் தயானிக்கே கொடுத்தார்கள். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்புறம் அந்தப் படத்தைத் திருப்ப யார் விடுவார்கள்? ஓடுகிற ரோலரோடு விளையாடுவதற்கு ஸ்டோரில் யாரும் பைத்தியம் இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு எரிகிறது. நல்லையா ஆசைப்பட்ட அதே விளக்குதான். அவருடைய படத்துக்கும் அந்த விளக்குக்கும் நடுவில் ஒரு கோழி இருக்கிறது, அவ்வளவுதான்.

அவர் மனசு உடைந்து படுத்துவிட்டார் என்று நினைக்கிறீர்களா? இந்த இனம் உங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஸ்டோருக்கு வருகிறார். கோழிக்கு முன்னால் வெகு நேரம் கைகட்டி நிற்கிறார். "இவ்வளவு நடந்தும் பக்தி கொறயல பாருங்க," என்று சனம் மெச்சுகிறது. போன வாரம் விஜயலெட்சுமி தண்ணீர்க் குழாயடியில் உண்மையைப் போட்டு உடைத்துவிட்டது. வீட்டில் பாதி ஒட்டின சரஸ்வதி ஒன்று இருக்கிறதாம். அன்னத்துக்கு இறகு வேண்டுமாம். வெள்ளையாக. அன்றிலிருந்து ஸ்டோர் வாசலில் காவலாளி, உள்ளே போகிற நல்லையாவின் இடுப்பைத் தடவிப் பார்த்துத்தான் விடுகிறார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் ஒரு கேள்வி கேட்டுவிட்டு உங்களை விட்டுவிடலாம். நல்லையாவின் முகம் எப்படி இருக்கும் என்று இங்கே ஒரு வரியாவது எழுதினோமா? மீசை உண்டா, வழுக்கை உண்டா, பல் எத்தனை என்று சொன்னோமா? இல்லை. ஆனாலும் இவ்வளவு நேரமும் உங்கள் கண்ணுக்கு முன்னால் ஒரு முகம் நின்றுகொண்டுதானே இருந்தது? அதற்கு மாமாவின் வழுக்கையை வைத்தது யார்? பக்கத்து வீட்டுக்காரரின் மூக்கை ஒட்டியது யார்? வேலைக்குப் போகிற இடத்தில் யாரோ ஒருவருடைய சிரிப்பை, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கச்சிதமாக வெட்டி எடுத்தது யார்?

கத்தரிக்கோலை மெதுவாகக் கீழே வையுங்கள். மாமா பார்க்கிறார்.